வன்தட்டும் கரணத்தானும்

திருநாவலூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. சுந்தரர் பிறந்த ஊரில் தாமும் பிறந்ததையே தம் வாழ்வின் முதல் தகுதியாகக் கருதியவர். 1999ஆம் ஆண்டில் ஒரு கணினி வாங்கி, இரு விரல்களால் தட்டச்சக் கற்று, ஏழு ஆண்டுகள் ஓயாமல் எழுதினார். ஏழாம் திருமுறையின் 100 பதிகங்களுக்கும் குறிப்புகள், திருமுனைப்பாடி நாட்டு வயல்கள், ஏரிகள், மேடுகள் ஆகியவற்றின் பெயர்கள், கெடிலக் கரையில் வயதானவர்களிடம் கேட்டெழுதிய கதைகள் என்று அது வளர்ந்தது. 2006இல் ஒரு நாள் நிறுத்தினார். அதன்பின் கணினியைத் தொடவில்லை.

அவர் மறைந்த பின்பு, 2022இல், அவர் மகன் எங்களை அழைத்தார். மேசைமேல் பழைய வன்தட்டுகள் இரண்டு, புதிதாக வாங்கிய மடிக்கணினி ஒன்று. அந்த மடிக்கணினியில் விண்டோஸ் 10 நிறுவுவதற்காக உளுந்தூர்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். எந்தத் தட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரைவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்தத் திரையில் பட்டியல் வெறுமையாக இருந்தது.

"சார், டிஸ்க்கே காட்டலை" என்றார் அவர்.

தட்டு உள்ளேதான் இருந்தது. அன்று காலையில்தான் உறை பிரிக்கப்பட்ட கணினி அது. பழுது ஏதுமில்லை. ஆனால் இயங்குதளத்தைப் பொறுத்தவரை அப்படியொரு பொருள் உலகிலேயே இல்லை. அருகிலிருந்த மகன், "அப்பாவுக்கும் இதேதான் ஆச்சு" என்றார். அவர் சொன்னது 2006இல் நடந்த சங்கதி. பதினாறு ஆண்டுகள், நான்கு தலைமுறை இயங்குதளங்கள் கடந்தும் அதே வாக்கியம் எப்படித் திரும்பி வந்தது என்று தேடப்போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

வன்தட்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று பேசும் சிறு நிரலுக்குத் தமிழில் இயக்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். கடைகளில் டிரைவர்தான். இயக்கி என்றதும் தென்மாவட்டத்து வாசகர்களுக்கு ஊர் எல்லையில் பிள்ளையை இடுப்பில் வைத்து நிற்கும் இசக்கியம்மன் நினைவுக்கு வந்தால் தவறில்லை. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்சோறு படைத்துவிட்டு வருவதும் ஓர் இயக்கிக்குத்தான். படையல் தவறினால் எல்லையைத் தாண்ட விடாத தெய்வம். கணினிச் சொல்லைப் படைத்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். பெயர் எப்படியோ பொருந்திவிட்டது.

இயக்கி செய்யும் வேலையை விளக்கத் திருநாவலூர்க்காரர்களுக்கு வேறோர் உவமை கைவசம் உண்டு. தடுத்தாட்கொண்ட புராணம் வாசகர்கள் அறிந்ததே. நம்பியாரூரருக்குப் புத்தூரில் திருமணம். முதிய அந்தணர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ என்கிறார். நம்பி அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு அவைக்குப் போகிறது.

பக்திக் கதையாக இதைப் படித்துப் பழகிய நாம் சற்றே விலகி ஓர் ஆவண வழக்காகவும் படித்துப் பார்க்கலாம். சேக்கிழார் அந்த அவையை எத்தனை நுட்பமாக அமைத்திருக்கிறார்! ஓலை கையில் இருப்பது மட்டும் அங்கே போதவில்லை. அவையில் கரணத்தான் ஒருவன் இருக்கிறான். வணங்கி வாங்குகிறான், விரித்து அதன் வயதைக் கணிக்கிறான், பிறகே எல்லாரும் கேட்கப் படிக்கிறான். அடுத்து, பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகிறார்கள். மூலம், படி, வாசிப்பவன், ஒப்பிடுவதற்கு மற்றோர் ஓலை என நான்கும் சேர்ந்தால்தான் அவை ஏற்கிறது. இவற்றுள் நாம் மறந்துவிடுவது கரணத்தானை. ஓலையைக் கறையானிடமிருந்து காப்பது பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு, அதை வாசிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று நாம் கவலைப்பட்டதில்லை.

இனிக் கணினிக்கு வருவோம். ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டு அலமாரியில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டியதில்லை, அது நம் வீடுகளுக்கு வரவில்லை. வீட்டுக்கு வரத்தக்க கணினியில் வன்தட்டு இடம்பெற்றது 1983இல், ஐபிஎம்மின் எக்ஸ்டி மாதிரியில். கொள்ளளவு 10 மெகாபைட். அக்காலத்து டாஸ் இயங்குதளம் தட்டோடு நேரே பேசவில்லை. தாய்ப்பலகையில் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்த பயாஸ் என்னும் அடிப்படை நிரலிடம் இந்த உருளையில், இந்தத் தலையின் கீழ், இந்தச் செக்டரில் உள்ளதைக் கொண்டு வா என்று கேட்டது. பயாஸ் கொண்டுவந்து கொடுத்தது. ஊருக்கு ஒரே கணக்குப்பிள்ளை. எந்த ஓலையானாலும் அவர் கையால்தான்.

அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எண்ணத் தெரிந்தது கொஞ்சம்தான். உருளைகள் 1024 வரை, தலைகள் 256 வரை, செக்டர்கள் 63 வரை. 1980களின் பிற்பாதியில் வந்த ஐடிஇ வகை வன்தட்டுகளுக்கோ வேறொரு கணக்கு: உருளைகள் 65,536, தலைகள் 16, செக்டர்கள் 255. பயாஸ் தனியே 8.4 ஜிகாபைட் வரை எண்ண வல்லது. தட்டு தனியே 136 ஜிகாபைட்டுக்கும் மேல். இருவரும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு இனத்திலும் எது சிறிதோ அதுவே எல்லை. 1024, 16, 63 ஆகியவற்றைப் பெருக்கிச் செக்டருக்கு 512 பைட்டாகக் கணக்கிட்டால் 52,84,82,304 பைட்டுகள். அரை ஜிகாபைட்டை ஒட்டிய அளவு. இரண்டு நல்ல மனிதர்கள் கூட்டு வியாபாரம் தொடங்கி இருவரின் குறைகளை மட்டும் முதலாகப் போட்ட கதை இது.

1990களின் நடுவில் தட்டுகள் அந்த எல்லையைத் தாண்டின. புதிய பயாஸ்கள் கணக்கை மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டன. பழைய கணினி வைத்திருந்தவர்களுக்காகத் தட்டின் முதல் செக்டரிலேயே ஒரு மொழிபெயர்ப்பு நிரலைப் பதித்து விற்றார்கள். கணினி உயிர்பெறும்போது அது முதலில் எழுந்து பயாஸை ஏமாற்றும். வேலை நடந்தது. ஆனால் அப்படிப் பழக்கிய தட்டைக் கழற்றி வேறொரு கணினியில், அந்த மொழிபெயர்ப்பாளன் எழாத வகையில் மாட்டினால் உள்ளே இருப்பது எதுவும் பொருள்படாது. தரவு அழியாமல் இருந்தும் இல்லாமற்போகும் நிலையை வீட்டுக் கணினிக்காரர்களில் பலர் முதலில் கண்டது அப்போதுதான்.

1995இல் வந்த விண்டோஸ் 95 கணக்குப்பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த இயக்கிகளால் தட்டோடு பேசத் தொடங்கியது. வேகம் கூடியது. ஆனாலும் அதன் பொறியாளர்களிடம் ஒரு குடும்பப் பண்பு இருந்தது. தட்டுக்கு ஏற்ற இயக்கி அமையாவிட்டால் விண்டோஸ் 95 முரண்டு பிடிக்காது. டாஸ் இணக்க முறை என்ற ஒன்றுக்கு இறங்கி, பழைய பயாஸ் வழியாகவே வேலையை நடத்தும். மெதுவாக இருக்கும், எரிச்சலூட்டும். ஆனால் கோப்பு கைக்குக் கிடைக்கும். திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட கிழவரை அவசரத்துக்குக் கூப்பிடுவதுபோல. தமிழாசிரியரின் முதல் கணினியில் இருந்த விண்டோஸ் 98 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

விண்டோஸ் என்டி குடும்பம் வேறு. அலுவலகங்களுக்கென்று கண்டிப்போடு வளர்க்கப்பட்ட பிள்ளை. கணினி எழும் முதல் சில நொடிகளுக்கு மட்டுமே அதற்குப் பயாஸ் வேண்டும். அதன்பின் திரும்பிப் பார்க்காது. தன் இயக்கியால் தட்டைக் கண்டாக வேண்டும். காணாவிட்டால் தான் எங்கிருந்து எழுந்து வந்தோமோ அந்த வீட்டின் வாசலே அதற்குத் தெரியாது. நீலத்திரையில் 7பி என்று முடியும் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வழியாக இந்தக் குடும்பம் வீடுகளுக்குள் நுழைந்தது. திண்ணைக் கிழவருக்கு இனி இடமில்லை.

எக்ஸ்பி வெளிவந்தபோது உலகில் சாட்டா வன்தட்டுகள் இல்லை. அவற்றின் முதல் வரையறை முழுமையாக வெளியானது 2003இல். அதைக் கையாளும் ஏஎச்சிஐ என்னும் பொதுமுறை 2004இல். ஆக 2001ஆம் ஆண்டுக் குறுந்தட்டில் 2004ஆம் ஆண்டுத் தட்டுக்கான இயக்கி இருக்க வழியில்லை. இதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்று. நிறுவல் தொடங்கிய சில நொடிகளுக்குள் திரையின் அடியில் ஒரு வரி தோன்றும். அப்போது எஃப்6 விசையை அழுத்த வேண்டும். பிறகு இயக்கியைக் கொடுக்க வேண்டும். எதில் வைத்து? நெகிழ்வட்டில். குறுந்தட்டில் தந்தால் ஏற்காது, பென் டிரைவில் தந்தால் ஏற்காது. சந்தைக்கு வந்த மிகப் புதிய தட்டைக் கண்டுகொள்ள, சந்தையிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருந்த மிகப் பழைய வட்டு தேவைப்பட்டது. மடிக்கணினிகளிலோ நெகிழ்வட்டுப் பொறியே மறைந்துகொண்டிருந்தது. சென்னை ரிச்சி தெரு முதல் சிற்றூர்க் கணினிக் கடை வரை, தட்டை ஐடிஇ போல நடிக்கச் சொல்லும் ஒரு விருப்பத்தைப் பயாஸில் தேடிப் பிடித்து ஒப்பேற்றியவர்கள் உண்டு. இயக்கியைக் கோத்துச் சேர்த்துத் தாங்களே புதிய நிறுவல் குறுந்தட்டைச் சமைத்துக்கொண்டவர்களும் உண்டு. பென் டிரைவிலிருந்து இயக்கியை ஏற்கும் வசதியும், ஏஎச்சிஐ முறைக்கான சொந்த இயக்கியும் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில்தான் கிடைத்தன. விஸ்டாவை உலகமே பழித்தது. பழிக்கக் காரணங்களும் இருந்தன. இந்த ஒன்றுக்காக மட்டும் நாங்கள் அதை வாழ்த்துவோம்.

இவையெல்லாம் காணாத தட்டுகளின் கதை. கண்டும் பாதியே கண்ட தட்டின் கதைதான் ஆசிரியருடையது. அது இன்னும் கொடிது.

ஐடிஇ வன்தட்டின் செக்டர்களுக்குத் தொடர் எண் இடும் முறை வந்தபோது எண்ணுக்கு 28 இருமக் கட்டங்கள் ஒதுக்கியிருந்தார்கள். 28 கட்டங்களில் எழுதத்தக்க எண்கள் 26,84,35,456. செக்டருக்கு 512 பைட் என்றால் ஏறத்தாழ 137 ஜிகாபைட். வகுத்தவர்களுக்கு அது வானத்தின் எல்லையாகத் தோன்றியிருக்கும். புத்தாயிரத்தின் தொடக்கத்திலேயே 160 ஜிகாபைட் தட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 48 கட்டங்களைக் கொண்ட புதிய வரையறை உருவானது. எக்ஸ்பி இந்த 48 கட்டக் கணக்கைக் கற்றுக்கொண்டது 2002 செப்டம்பரில் வந்த முதல் சேவைத் தொகுப்பில். அதற்கு முன்பு அச்சான எக்ஸ்பி குறுந்தட்டுகளுக்கு அது தெரியாது. இரண்டு குறுந்தட்டுகளும் வெளியே பார்க்க ஒன்றுதான். திரையில் வரும் பச்சைப் புல்வெளியும் ஒன்றுதான்.

ஆசிரியர் 2004இல் 160 ஜிகாபைட் தட்டோடு இரண்டாவது கணினியை வாங்கினார். தட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 40 ஜிகாபைட்டில் இயங்குதளம். மீதி முழுவதும் அவருடைய சுந்தரர். 2006இல் வைரஸ் புகுந்து கணினி முடங்கியது. பக்கத்துக் கடையொன்றில் கொடுத்தார். உங்கள் கோப்புகளைத் தொடமாட்டோம், முதல் பகுதியை மட்டும் அழித்து எக்ஸ்பியை மீண்டும் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள். அவர்களிடம் இருந்தது 2001ஆம் ஆண்டுக் குறுந்தட்டு. கணினி வீட்டுக்கு வந்தது, எழுந்தது, கோப்புகள் திறந்தன. இரண்டாம் பகுதி 137 ஜிகாபைட் எல்லைக்கு அந்தப் பக்கமும் நீண்டிருப்பதை அந்த எக்ஸ்பி அறியவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் தரவு சிதையும் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுக் குறிப்பில் எச்சரித்திருந்தது. 28 கட்டங்களுக்குள் அடங்காத எண்ணைக் கொடுத்தால், சில சூழல்களில் அதன் மேற்பகுதி வெட்டுண்டு எஞ்சிய சிறிய எண்ணாகிவிடும். அப்பால் எழுத வேண்டியது தட்டின் தொடக்கத்தில் வேறெதன் மேலோ எழுதப்படும். ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான் என்று நாங்கள் ஊகிக்கிறோம். சில வாரங்களில் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் தட்டைச் சோதிக்க வேண்டும் என்றது. சோதித்தது. சோதிக்கச் சோதிக்கக் கோப்புறைகள் காலியாயின. "தட்டு நல்லாத்தானே சுத்துது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உண்மை. தட்டில் ஒரு கீறல் இல்லை. 2022இல் அது எங்கள் மேசையில் சுழன்றபோதும் ஒலி சீராகவே இருந்தது.

யாரைக் குறை சொல்வது? கடைக்காரருக்குத் தெரியாது. இயங்குதளம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் பேசியது. எங்களைக் கேட்டால், தனக்குத் தெரியாததை எதிர்கொள்ளும்போது நின்றுவிடும் நீலத்திரை, தெரிந்ததுபோல் தொடரும் மென்பொருளைவிடப் பல மடங்கு நேர்மையானது. தெரியாத எழுத்தைக் கண்டால் படிக்க மாட்டேன் என்று எழுந்துபோகும் கரணத்தானால் வழக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இட்டுக்கட்டிப் படிப்பவனால் நிலம் பறிபோகும்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வேறொரு முயற்சியும் நடந்தது. அரசின் மின்னணுக் கழகமான எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் மையம் பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7இன் எளிய பதிப்போடு பாஸ் லினக்ஸும் ஒரே தட்டில் அருகருகே நிறுவப்பட்டு மாணவர் கைகளுக்குப் போயின. பாஸ் பகுதியைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தவர்களைப் பற்றிக் கேலிக் கட்டுரைகள் எழுதலாம். நமக்கு அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது, லினக்ஸ் இயக்கிகளை எப்படி வைத்திருக்கிறது என்பதுதான்.

விண்டோஸ் உலகில் இயக்கி பெரும்பாலும் தட்டையோ சில்லையோ செய்த நிறுவனத்தின் பொருள். நிறுவனம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டால், புதிய இயங்குதளத்துக்கு இயக்கி எழுத ஆளில்லை. லினக்ஸில் இயக்கியின் மூலநிரல் கருவகத்தின் உள்ளேயே வைக்கப்படுகிறது. கருவகம் மாறும்போது, மாற்றுகிறவரே எல்லா இயக்கிகளையும் உடன் மாற்றியாக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதனால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுப்பாட்டுச் சில்லை இன்றைய லினக்ஸ் அடையாளம் காண்பது அரிதன்று.

அங்கும் இடறல் இல்லாமல் இல்லை. ஜெஃப் கார்சிக் உருவாக்கிய புதிய இயக்கித் தொகுப்பு சாட்டாவோடு நிற்காமல் பழைய ஐடிஇ தட்டுகளையும் தன்கீழ் கொண்டுவந்தபோது, 2007 வாக்கில், எச்டிஏ என்று பெயர்கொண்டிருந்த தட்டுகள் ஒரே இரவில் எஸ்டிஏ ஆயின. பழைய பெயரை அமைவுக் கோப்பில் எழுதிவைத்திருந்தவர்களின் கணினிகள் எழ மறுத்தன. வீடு அங்கேயே இருக்க, கதவிலக்கம் மட்டும் மாறிய கதை. மைக்ரோசாஃப்ட் வெளியிடாமல் வைத்திருந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் உள்ளமைப்பைத் தடவித் தடவி அறிந்து, படிக்க மட்டுமன்றி எழுதவும் வல்ல இயக்கியாக அதன் நிலையான பதிப்பை 2007இல் ஹங்கேரிய நிரலாளர் சாபோல்ச் சாகாசித்ஸ் வெளியிட்டார். இறந்த மொழியின் எழுத்தைப் படித்தறிந்தவர்களுக்குத் தரும் மரியாதையில் ஒரு பங்கை இவருக்கும் தரலாம்.

கல்வெட்டை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. திருநாவலூர்க் கோயில் கற்றளியானது முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தனால். தக்கோலப் போரில் 949இல் யானைமேல் மாண்டவன் அவன். இந்த ஊருக்கே இராசாதித்தபுரம் என்று ஒரு பெயர் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல் நன்றாகவே இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து உள்ளே போகிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மொழி தமிழ்தான், எழுத்தும் தமிழின் மூதாதைதான். நடுவில் நிற்க வேண்டிய ஆள்தான் இல்லை. மைப்படி எடுத்துப் படித்து அச்சிட்ட கல்வெட்டுத்துறையினர் இல்லாவிட்டால் இராசாதித்தன் பெயரையே நாம் இங்கே எழுதியிருக்க முடியாது.

மேசைக்குத் திரும்புவோம். அன்றைய மடிக்கணினியின் சிக்கல் அரைமணி நேரத்தில் தீர்ந்தது. 2020இல் வந்த இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் சில்லுகளோடு, தட்டை நேரே காட்டாமல் விஎம்டி என்னும் மேலாளர் ஒருவர் வழியாகக் காட்டும் அமைப்பு மடிக்கணினிகளில் பரவியது. விண்டோஸ் 10இன் நிறுவல் வட்டுக்கு அந்த மேலாளரின் மொழி தெரியாது. இயக்கியைப் பென் டிரைவில் இட்டுக் கொடுத்தோம்; தட்டு தோன்றியது. பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டிருந்தாலும் தோன்றியிருக்கும். ஐடிஇ போல நடிக்கச் சொன்ன பழைய தந்திரத்தின் பேரன்தான் இந்தத் தந்திரம். உளுந்தூர்பேட்டை இளைஞர் 2001க்குப் பின் பிறந்தவர். எஃப்6 பற்றிச் சொன்னபோது, நெகிழ்வட்டு என்றால் என்ன என்று மரியாதையோடு கேட்டார்.

பழைய தட்டுகளுக்கு வருவோம். 1999ஆம் ஆண்டுத் தட்டை யுஎஸ்பி மாற்றியில் செருகியதும் விண்டோஸும் லினக்ஸும் ஒரே மூச்சில் திறந்தன. இடையில் யுஎஸ்பி என்னும் பொது ஏற்பாடு நிற்பதால் தனி இயக்கி வேண்டியிருக்கவில்லை. அதில் முதற்சில பதிகங்களின் வரைவுகள் மட்டும் இருந்தன. 2004ஆம் ஆண்டுத் தட்டும் இப்போது 160 ஜிகாபைட்டையும் முழுமையாகக் காட்டியது. ஆனால் 2006இல் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். மீட்பு மென்பொருள்கள் துணுக்குகளைக் கொண்டுவந்தன. ஒரு பதிகக் குறிப்பின் நடுவில் வைரஸ் ஒழிப்பானின் பதிவேடு குறுக்கிட்டுக் கிடந்தது.

படி ஒன்று பண்ருட்டியில் கிடைத்தது. ஆசிரியரின் பழைய மாணவர் ஒருவருக்கு 2003இல் அவர் கொடுத்த குறுந்தட்டு. அதில் 61 பதிகங்களுக்கான குறிப்புகள். திறந்தால் தமிழில்லை; ஐரோப்பிய எழுத்துகளும் கொம்பு முளைத்த உயிரெழுத்துகளும். தமிழ் வாசகர்களுக்குப் பழகிய நோய்தான். விண்டோஸ் 2000 முதல் ஒருங்குறித் தமிழ் இயங்குதளத்திலேயே இருந்தும், நம்மில் பலர் தகுதரத்திலும், 1999 தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் முறைகளிலும், கடைக்கொரு சொந்த எழுத்துருவிலும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தோம். தட்டுக்கு இயக்கி எப்படியோ அப்படி எழுத்துக்கு எழுத்துரு. சுந்தரரின் மூலப் பாடல்களுக்குக் கவலையில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தகுதரமாக ஏறி ஒருங்குறிக்கும் மாறிவிட்டன. புதுவை பிரெஞ்சு நிறுவனம் 2007இல் குறுந்தட்டாகத் தந்த தேவாரமும் பின்னர் இணையத்துக்கு வந்துவிட்டது. பலர் கையில் இருந்ததால் பலர் மாற்றினார்கள். ஆசிரியரின் குறிப்புகளை மாற்ற வேறெவரும் இல்லை.

61இல் 44 டாப் முறையில் இருந்தன. ஆயத்தமான மாற்றியால் ஒரே மாலையில் தமிழாயின. மீதி 17 எந்த அட்டவணைக்கும் அடங்காத ஏதோ ஓர் அச்சகத்து எழுத்துருவில் இருந்தன. எழுத்துருக் கோப்பு எங்கும் இல்லை. மாணவரிடம் அதே குறிப்புகளில் நான்கு பக்கங்களின் அச்சுப்படி இருந்தது. அதையும் திரையில் உள்ள குப்பையையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, நாங்களே ஓர் அட்டவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். வெண்ணெய்நல்லூர் அவையினர் செய்ததும் இதைத்தானே.

அட்டவணை பெரும்பாலும் நிரம்பிவிட்டது. நான்கு பக்கத்துக்குள் வராத உகர, ஊகார எழுத்துகள் சிலவே மீதம். அவற்றுள் ஒன்று, ஆசிரியர் குறித்துவைத்த ஒரு மேட்டின் பெயரில் வருகிறது. முதல் எழுத்து ஏ, கடைசி எழுத்து ர். நடுவில் உள்ளது ழூ ஆகவும் இருக்கலாம், ளூ ஆகவும் இருக்கலாம். ஏழூர் மேடா, ஏளூர் மேடா? ஊரில் வயதானவர் எவராவது இன்னும் அந்தப் பெயரைச் சொல்கிறாரா என்று கேட்டுவர ஆசிரியரின் மகனை அனுப்பியிருக்கிறோம். ழகரமும் ளகரமும் கலந்தொலிக்காத வாயாகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.